கடலுக்கு எழுதிக் கொடுத்த அப்பா

ஷிபேல் வீட்டுக்குள் காலை வைத்ததும் அவளுடைய அப்பா செத்துப்போனார்.

அப்படித்தான் சொல்ல வேண்டும். அதுவரை அடுப்போரம் உட்கார்ந்து புகைக்குழாயை உறிஞ்சிக்கொண்டிருந்த மனிதர், மகளின் தொப்பி வாசலில் தெரிந்ததும் எழுந்தார். சுவரோரம் இருந்த பலகைக் கட்டிலில் நீட்டிப் படுத்தார். கைகளை மார்பில் குறுக்கே வைத்து விரல்களில் ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டு கண்ணை மூடினார். செருப்பில்லாத இரண்டு கால் கட்டைவிரல்களும் ஒன்று சேர்ந்து கூரையைப் பார்த்தன. புகைக்குழாய் மட்டும் அடுப்பு மேடையில் இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

"பார்த்துக்க அக்கா," என்றாள் தங்கை டெலியா. கையிலிருந்த உருளைக்கிழங்குச் சட்டியைக்கூட அவள் கீழே வைக்கவில்லை. "நீ பத்திரிகையில சொன்ன மாதிரி இருக்காரா? இல்ல, கொஞ்சம் உப்புத்தண்ணி தெளிக்கணுமா?"

பத்தொன்பது வருடம் கழித்து வீட்டுக்கு வந்தவளுக்கு முதல் வரவேற்பு அது. இரண்டாவது வரவேற்பை அவள் வழியிலேயே பார்த்துவிட்டாள். இரண்டு வருடத்துக்கு முன் கிறிஸ்துமஸுக்கு டெலியாவுக்கு அனுப்பிய பச்சைப் பட்டு உடை, காக்காய் விரட்டும் பொம்மையின் மேல், உருளைக்கிழங்கு வயலில் ஆடிக்கொண்டிருந்தது.

அயர்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கிற எங்கள் கில்ராவனில் பிறந்து, பத்தொன்பது வயதில் கால்வே போய், டப்ளினில் நாடக மேடை ஏறி, லண்டன் வழியாக ஹாலிவுட் போனவள் ஷிபேல் மல்கெரின். அங்கே கம்பெனிக்காரன் அவள் பேரைப் பிடுங்கிக்கொண்டு கோரா லெஸ்லி என்று ஒன்றைக் கொடுத்தான். தலைமுடியை இன்னும் சிவப்பாக்கினான். முதல் நாலு படத்தில் தட்டை எறிந்து உடைக்கும் கோபக்காரி, அடுத்த ஆறில் புருஷனைத் தொலைத்துவிட்டு அழுகிறவள். அழுகையில்தான் அவளுக்குப் பேர். டைரக்டர் சைகை காட்டியதும், எந்தக் கண்ணில் வேண்டுமோ அந்தக் கண்ணில் தண்ணீர் வரும். இதை எங்கே கற்றாய் என்று எல்லாரும் கேட்டார்கள். இறப்பு வீடுகளில் தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைப்பதில் பேர்போன நெல் மல்கெரினின் மகள் நான் என்று அவள் யாருக்கும் சொன்னதில்லை. இப்போது முப்பத்தெட்டு வயது. சென்ற வருடம் முதல்முறையாக, வளர்ந்த பையனுக்கு அம்மாவாக நடிக்கச் சொன்னார்கள்.

அம்மா நெல், நாற்பத்தாறாம் வருடம் ஜனவரியில் செத்தாள். அந்தச் செய்தி ஷிபேலுக்குக் கடிதமாக வந்து சேர்ந்தது மார்ச் மாதம். அடக்கம் முடிந்து ஆறு வாரம் கழித்து, அப்பா சொல்லச் சொல்ல டெலியா எழுதிய நாலே வரி. அதே வாரம்தான் பத்திரிகைக்காரன் ஒருவன் வந்து, உங்கள் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டான். கடலில் மூழ்கிச் செத்துவிட்டார் என்றாள். அந்தக் கடிதம் அப்போது அவள் கைப்பைக்குள்தான் இருந்தது.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் இருக்கிற நம் சனங்களுக்கு இறந்தவன் பேரைக் கேட்டால் கை சும்மா இராது. பத்திரிகையைப் படித்த ஐரிஷ் கிழவிகள் எல்லாம், கோரா லெஸ்லியின் தகப்பன் ஆத்துமாவுக்குப் பூசை வையுங்கள் என்று கில்ராவன் பங்குச் சாமியாருக்குக் காணிக்கையோடு கட்டுக் கட்டாகப் பூசை அட்டை அனுப்பிவிட்டார்கள். சாமியார் ஊருக்குப் புதுசு. ஊரில் பாதிப் பேர் மல்கெரின்கள். ஷிபேலின் அப்பா ஃபெஸ்டியை எல்லாரும் பார்ட்லி மகன் ஃபெஸ்டி என்றுதான் சொல்வார்கள், அவர்தான் ஃபெஸ்டஸ் மல்கெரின் என்று சாமியாருக்கு எப்படித் தெரியும்? இறந்தவர்களுக்கான நவம்பர் மாதத்தில், பீடத்தில் நின்று அவர் பட்டியல் வாசித்தார். "கடலில் மாண்ட ஃபெஸ்டஸ் மல்கெரின்." மூன்றாவது வரிசையில் முழங்காலில் நின்றிருந்தார் ஃபெஸ்டி. பூசையில் எழுந்து சாமியாரைத் திருத்துகிற வழக்கம் எங்கள் ஊரில் எவனுக்கும் கிடையாது. ஃபெஸ்டி தன் ஆத்துமாவுக்காகத் தானே ஆமென் சொன்னார். நாலு ஞாயிறு சொன்னார்.

ஐந்தாவது ஞாயிறு யாரோ சாமியாரின் சமையல்காரியிடம் சொல்ல, அவள் சாமியாரிடம் சொன்னாள். "ஜெபம் வீண்போகாது, பிறகு உதவும்," என்றார் அவர்.

ஆனால் அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. கடலில் மாண்டவன் என்று பூசை வைக்கப்பட்ட ஆளோடு எவன் தோணியில் ஏறுவான்? அந்த ஆளைக் கடலுக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. கடல் தன் பொருளை எப்போது வேண்டுமானாலும் கேட்கும், கேட்கும்போது கூட இருப்பவனையும் சேர்த்துத்தான் எடுக்கும். முப்பது வருடம் ஃபெஸ்டியோடு ஒரே தோணியில் துடுப்புப் போட்ட பாட்ச் ஃபோலனே, "வேண்டாம் ஃபெஸ்டி, எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கு," என்று சொல்லிவிட்டான். ஆறு வருடமாக ஃபெஸ்டி கடலில் கால் நனைக்கவில்லை. அடுத்தவன் சிங்கி இறால் கூண்டுகளைக் கரையில் உட்கார்ந்து பின்னிக்கொடுத்தார். தார் பூசிய அவருடைய தோணி, வீட்டுக்குப் பின்னால் கவிழ்ந்து கிடந்தது. அதற்குள் கோழி அடைந்தது.

இதெல்லாம் டெலியா எழுதிய ஒரு கடிதத்தில் போன வசந்தத்தில்தான் ஷிபேலுக்குத் தெரியவந்தது. கம்பெனியிடம் கெஞ்சி விடுப்பு வாங்கினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கினாள், அடுத்த திங்கள் நண்பகல் கார் வரும். அதற்குள் அப்பா வாயிலிருந்து தனக்கென்று ஒரு வார்த்தை வர வேண்டும். திட்டாக இருந்தாலும் சரி. அதற்குத்தான் வந்தாள்.

வரவில்லை. அவள் உள்ளே வந்தால் அவர் பிணம். அவள் தண்ணீருக்கு வெளியே போனால் எழுந்து மோரும் உப்புக் கானாங்கெளுத்தியுமாகச் சாப்பிடுவார். வாளி சத்தம் கேட்டால் மறுபடியும் படுத்துவிடுவார், சில நேரம் வாயில் உருளைக்கிழங்கோடு. ஊரார் விடுவார்களா? தினமும் கம்பளி பின்னுகிற சாக்கில், நெருப்புக் கேட்கிற சாக்கில் வந்து உட்கார்ந்தார்கள். கிளிஃப்டன் சினிமாக் கொட்டகைக்குப் போய் டிக்கெட் எடுத்துப் பார்க்க வேண்டிய ஆள், வீட்டுக்குள்ளேயே ஓசியில் நடமாடுகிறாள். கூடவே பிணம் வேறு.

பாட்சின் மனைவி மேரி ஃபோலன், ஒரு நாள் ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "உன் படம் மூணு பார்த்தேன்டீ. ஒவ்வொண்ணுலயும் ஒருத்தன் உன் மூஞ்சிகிட்ட வர்றான். வந்தானா, டக்குனு பார்த்தா ரெண்டு பேரும் குதிரைவண்டியில போறீங்க. நடுவுல என்ன நடந்துச்சு?"

"நடுவுல உள்ளத டப்ளின்ல சென்சார்காரங்க வெட்டிட்டாங்க அத்தை."

"அதான பார்த்தேன். அந்தக் கத்திரிக்கோலை உன் வாய்க்குப் போட்டிருக்கணும்."

எல்லாரும் சிரித்தார்கள். கட்டிலில் கிடந்த பிணத்தின் வயிறும் இரண்டு முறை குலுங்கியதை ஷிபேல் கவனித்தாள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் சொல்லல அத்தை. கம்பெனிக்காரன் தானா எழுதிட்டான்," என்றாள். அந்த வாரம் முழுக்க இதையேதான் எல்லாரிடமும் சொன்னாள். மேரி அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஊசியை எடுத்துக்கொண்டாள்.

டெலியாவிடம் கெஞ்சிப் பார்த்தாள். முற்றத்தில் துணி பிழிந்துகொண்டிருந்தாள் டெலியா.

"நீ சொன்னா கேப்பாருடீ. ஒரு வார்த்தை."

"நான் எதுக்குச் சொல்லணும்? நீ ஒரு வாய் பேசின, அது வெள்ளித்திரைக்கு நல்லாருந்துச்சு. அதுக்கப்புறம் ஆறு வருஷம் கடலைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்த மனுஷனுக்கு யாரு சோறு போட்டா? எனக்கு வந்த ரெண்டு மாப்பிள்ளையும், அந்த வீட்ல சம்பந்தம் வேண்டாம், கடல் பாக்கி இருக்கற வீடுன்னு போயிட்டானுங்க. நீ வந்து நிக்கிற, பட்டுக் காலுறையோட."

"அந்தப் பச்சை உடைய நீ போட்டிருக்கலாம்."

"பொம்மைக்கு நல்லாருக்கு. அதுவும் கையை விரிச்சுக்கிட்டு அழகா நிக்குது, வாயைத் திறக்கல."

தங்கை சொன்னதில் பொய் ஒன்றுமில்லை என்பதுதான் ஷிபேலுக்கு அதிகமாக எரிந்தது.

திங்கள் காலை வந்துவிட்டது. பெட்டி கட்டி வாசலில் வைத்தாகிவிட்டது. வழியனுப்புகிற சாக்கில் பாட்சும் மேரியும் இன்னும் ஏழெட்டுப் பேரும் வந்து, சமையலறைச் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஃபெஸ்டி வழக்கம்போல் செத்துக் கிடந்தார். டெலியா எல்லாருக்கும் தேநீர் ஊற்றினாள், அக்காளைத் தவிர.

ஷிபேல் கட்டிலருகே போய் நின்றாள். "அப்பா, நான் கிளம்புறேன்," என்றாள். பிணம் மூச்சை அடக்கிக்கொண்டது.

"செத்தவங்களுக்குக் காது கேக்காதும்மா," என்றான் பாட்ச், கோப்பைக்குள் பார்த்தபடி. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அப்போதுதான் அவளுக்குள் ஏதோ அறுந்தது. எட்டு நாள் வாங்கிய குத்தலும், அதற்கு முன் ஆறு வருடமாகத் தொண்டையில் நின்றதும் ஒன்றாகக் கிளம்பின. சரி, செத்தவர்தானே? செத்தவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டே போகிறேன் என்று நினைத்தாள். தொப்பியைக் கழற்றி எறிந்தாள். ஒரு முடி கலையாமல் கட்டியிருந்த கூந்தலை அவிழ்த்து விட்டாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் அம்மாவின் கறுப்புச் சால்வை இன்னும் தொங்கியது. அதை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, அப்பாவின் தலைமாட்டில் மண்டியிட்டாள்.

"ஏய், என்னடி பண்ற," என்று டெலியா எழுந்தாள். ஒப்பாரி வைக்கக் கூடாது என்று சாமியார்கள் தடுத்து வெகுகாலம் ஆகிறது. நெல் ஒருத்திதான் கேட்காதவள்.

ஷிபேல் உடம்பை முன்னும் பின்னும் ஆட்டினாள். முதல் குரல் வந்ததும் சுவரோரம் கோப்பைகள் நின்றன. அது சினிமாக் குரல் இல்லை. நெல்லின் குரல்.

"தரையில கிடக்கியே தண்ணியில செத்தவனே,
நான் தந்த சாவை இழுத்துப் போத்தினவனே,
ஆறு வருஷமா அழுகை காணாப் பொணமே,
அழுக வந்திருக்கேன், காதைக் கொடு எனக்கு.

பார்ட்லி மகனே, பாறைமேல் நடந்தவனே,
அலைக்கு முதுகு காட்டாத ஆம்பளையே,
கோழிக்கு வீடாச்சே நீ கட்டின தோணி,
கொண்டுபோய் நிறுத்தினது யாரு, கேளு என்னை.

பத்திரிகைக்காரன் பேனா எழுதலையே,
கம்பெனிக்காரன் கையும் எழுதலையே,
நீ பெத்த வாயி சொல்லுச்சு, பொறந்த நாக்கு சொல்லுச்சு,
முழுகிப் போனான்னு முழுசாச் சொன்னேன் நான்."

மேரி ஃபோலன் சிலுவை போட்டுக்கொண்டாள். கட்டிலில் எந்த அசைவும் இல்லை. நல்ல ஒப்பாரி என்றால் இறந்தவனைப் புகழ்ந்தால் மட்டும் போதாது, அவனோடு சண்டையும் போட வேண்டும். நெல் போட்ட சண்டையில் பிணத்தின் சொந்தக்காரர்கள் வெளியே எழுந்து போனதுண்டு. ஷிபேலின் குரல் ஏறியது.

"ஏன் சொன்னேன் கேளு, என்னை எரிச்சவனே,
நாலு வரியில தாயை முடிச்சவனே,
பன்னிக்குட்டி செத்தா ஊருக்கே சொல்லுவியே,
பெத்தவ செத்ததைப் பூட்டி வச்சியே.

கடைசி முகம் பார்க்கக் கண்ணு எனக்கில்லையா,
ஒரு பிடி மண்ணு போடக் கையி எனக்கில்லையா,
செவ்வாக்கிழமை எங்கம்மாவைத் தூக்கினியே,
சேதி சொல்ல உனக்கு நாக்கு இல்லையா."

"புதன்கிழமை."

குரல் கட்டிலிலிருந்து வந்தது. ஃபெஸ்டி கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செவ்வாக்கிழமை தூக்கினேனாம். தெரியாட்டி வாயை மூடிக்கணும். புதன்கிழமை தூக்கினோம். திங்கக்கிழமை பூரா அவ உசுரோட இருந்தா, உன்னைக் கேட்டுக்கிட்டு."

ஷிபேல் ஆடுவதை நிறுத்தினாள்.

"கேட்டுக்கிட்டே இருந்தா. நான் என்னடி சொல்லுவேன்? நீ கப்பல் ஏறிட்டன்னு சொன்னேன். காலையில கால்வே வந்துட்டன்னு சொன்னேன். மத்தியானம் கிளிஃப்டன் தாண்டிட்டன்னு சொன்னேன். அப்போ கதவைத் திறந்து வைங்க, பிள்ளை நேரா உள்ள வரட்டும்னா. ஜனவரி மாசம். மேக்குக் காத்து. மூடவே விடல. மூட எழுந்தா, வந்துட்டாளான்னு கேப்பா." அவர் தொண்டையைச் செருமினார். "செவ்வாக்கிழமை விடியறப்போ கதவு திறந்துதான் கிடந்துச்சு. இதை எப்படிடி கடுதாசியில எழுதச் சொல்ற? நாலு வரிதான் வந்துச்சு எனக்கு."

டெலியா முகத்தை ஏப்ரனில் மூடிக்கொண்டாள். அவளுக்கு இது தெரியும், எழுதிய கை அவளுடையது. சொல்ல விடாமல் அப்பா தடுத்திருந்தார். ஷிபேல் அழவில்லை. எந்தக் கண்ணிலும் ஒன்றும் வரவில்லை. அவர் கையைத் தொடப் போனாள். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"தொடாத. பேசினேன்னு மன்னிச்சுட்டேன்னு நினைக்காத. ரெண்டு பேரும் பொய்தான் சொன்னோம். ஆனா என் பொய்யி எவன் பொழப்பையும் கெடுக்கல."

பாட்ச் ஃபோலன் இவ்வளவு நேரமும் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். ஆறு வருடமாக அவன் மச்சானை வைத்துக்கொண்டு துடுப்புப் போடுகிறான். மச்சான் ஒரு தண்டம், இடது கை ஒரு பக்கம் வலது கை ஒரு பக்கம். பாட்ச் கோப்பையைத் தரையில் வைத்தான்.

"ஃபெஸ்டி. ஒரு சங்கதி."

"என்ன?"

"கடல்ல போனவனுக்கு எவனும் வீட்ல தலைமாட்டுல உக்காந்து ஒப்பாரி வைக்க மாட்டான். உடம்பே இல்லாம எங்க வைக்கிறது? உனக்கு இப்போ வச்சாச்சு. உன் வீட்ல, உன் கட்டில்ல, உன் ரத்தமே வச்சிருச்சு. நாங்க பத்துப் பேரு சாட்சி."

"அதுக்கு?"

"அப்போ நீ கரையில செத்தவன். கடல் உன்கிட்ட என்னத்தைக் கேக்கும்? அதுக்கும் உனக்கும் தீந்துபோச்சு."

யாரும் சிரிக்கவில்லை. மேரி யோசித்துப் பார்த்துவிட்டு, "அது சரிதான்," என்றாள். "நெல்லு குரலே வந்துச்சு. அதை மீறிக் கடல் வராது." மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். படித்தவன் எவனாவது அங்கே இருந்திருந்தால் எதிர்வாதம் செய்திருப்பான். நல்லவேளை ஒருவனும் இல்லை.

ஃபெஸ்டி எழுந்து உட்கார்ந்தார். ஜெபமாலையை விரல்களிலிருந்து அவிழ்த்து ஆணியில் மாட்டினார். கால்களைத் தரையில் ஊன்றி, கொஞ்ச நேரம் தன் கட்டைவிரல்களையே பார்த்தார்.

"டெலியா, துடுப்பு எங்க வச்ச?"

"மாட்டுக்கொட்டாய்ல."

"கோழியை வெளிய விரட்டு."

பாட்ச் ஏற்கெனவே வாசலில் நின்றான். தோணியின் தார் வெடித்திருக்கும், இன்றைக்கு என் தோணியில் போவோம் என்றான். ஆண்கள் எல்லாரும் துடுப்பைத் தூக்க ஓடினார்கள். ஃபெஸ்டி எண்ணெய்க் கோட்டை மாட்டிக்கொண்டு ஷிபேலைக் கடந்து போனார். செத்துப் பிழைத்த மனிதர் உயிர் வந்ததும் முதலில் செய்தது, மகளுக்கு முதுகைக் காட்டியதுதான். அவள் தலைமாட்டில் மண்டியிட்டபடியே இருந்தாள். வாசற்படியில் அவர் நின்றார், திரும்பவில்லை.

"ஷிபேல்."

"சொல்லுங்கப்பா."

"இனிமே எவனாவது என்னைப் பத்திக் கேட்டா, என்ன சொல்லுவ?"

"உசுரோட இருக்காருன்னு சொல்லுவேன்."

"அவ்ளோதான் சொல்லணும். மேல ஒரு வார்த்தை கூடாது. அழுகாச்சி சேர்க்காத." அவர் இறங்கிப் போனார்.

பன்னிரண்டு மணிக்குக் கார் வந்தது. டெலியா பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்தாள், முத்தம் கொடுக்கவில்லை. அம்மாவின் சால்வையை ஷிபேல் மடித்துக் கொடுக்கப் போனபோது, "வச்சுக்க. உனக்குத்தான் அது சரியா உக்காருது," என்றாள். அதை அவள் அன்பாகச் சொன்னாளா, குத்திச் சொன்னாளா என்று கடைசிவரை ஷிபேலுக்குப் புரியவில்லை. வயலைக் கடக்கும்போது பச்சை உடை காற்றில் கையை விரித்தது.

டிரைவர் வேறு ஊர்க்காரன், புது ஆள். கண்ணாடியில் அவளை மூன்று தடவை பார்த்தான். பாறைகளைத் தாண்டிப் பாதை கடலோரமாகத் திரும்பியதும் தைரியம் வந்து கேட்டுவிட்டான்.

"நீங்க கோரா லெஸ்லிதானம்மா? எங்கம்மா உங்க படம்னா உசுர விடுவாங்க. உங்கப்பா கடல்ல போன கதையை அவங்கதான் படிச்சுச் சொன்னாங்க. ரொம்ப வருத்தமா இருந்துச்சு."

கீழே சாம்பல் நிறத் தண்ணீரில் ஒரு கறுப்புத் தோணி போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேர் துடுப்புப் போட்டார்கள். முன்னால் இருந்தவர் ஒரு முறைகூடக் கரைப்பக்கம் தலையைத் தூக்கவில்லை.

"கடலுக்குத்தான் போயிருக்காரு," என்றாள் ஷிபேல். "சாயங்காலம் வந்துருவாரு."